குடுவையில் இருப்பது மேகலாவின் பாசி இல்லை

கண்ணா,

கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது அம்மா இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன், ஒரு தடவைக்கு நாலு தடவை. நீ "சொல்லும்மா" என்றதும் மண்டபத்துக்குப் பூ யார் கொண்டுவருகிறார்கள், சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறாய் என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு முன்னால் நின்று தாவரவியல் பாடம் கத்தியவளுக்கு, பெற்ற மகனிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாக்கியத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இழுத்தடிக்க எனக்குத் தெம்பு இல்லை. மேகலாவின் பாசி போய்விட்டது. நம் வீட்டு ஜன்னலில் பச்சைப் பசேலென்று நிற்கிற குடுவைகளில் இருப்பது அவள் வளர்த்தது இல்லை.

போன மாதம் நந்தினியை முதல் தடவையாகச் செங்கல்பட்டு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு அவள் அந்த ஜன்னல் முன்னால் போய் நின்றதும் நான் பின்னாலேயே ஓடினேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஏற்கனவே ஆரம்பித்திருந்தார்கள், புதுப் பெண் வருகிற வீட்டில் செத்துப்போனவளின் கண்ணாடிச் சாமானெல்லாம் எதற்கு, எடுத்துப் போடு என்று. இந்தப் பெண்ணும் முகத்தைச் சுளிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி, "அத்தை, இதுல ஒண்ணு நாங்க கோயம்புத்தூருக்கு எடுத்துட்டுப் போகலாமா? எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுங்க. அவங்களோடது இவர்கூடவே இருக்கட்டும்" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் காபி கலக்கிறேன் என்று சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த நிமிஷத்தில்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது. இந்தக் கடிதத்தை அவளும் படிப்பாள், படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நந்தினிக்குத் தெரியாதது, உன் முதல் மனைவி மேகலாவை நீ பார்த்த கதை. மாமல்லபுரத்தில் ஓட்டல் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை விட்ட ஒரு காலையில் கல் பட்டறைகளுக்குப் பின்னால் நீ பைக்கில் போய்க்கொண்டிருந்தாய். அங்கே பாறை அடியில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து ஸ்பூனால் ஈர மண்ணைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் தடியோடு வந்து, "இன்னாம்மா, இங்க இன்னா தோண்டிக்கினு கீற? செல கில கெடைக்கும்னு எவனாச்சும் சொன்னானா?" என்று கேட்டிருக்கிறார். "பாசி எடுக்கறேண்ணா" என்றாள் இவள். "பாசியா? எங்க வூட்டு பாத்ரூம்ல வேண்டிய மட்டும் கீது, வந்து வழிச்சிக்கினு போ!" நீ சிரித்துவிட்டாய். அவள் உன்னை முறைத்த முறைப்பில் பைக் நின்றுவிட்டது என்று நீதான் என்னிடம் சொன்னாய். அந்த மண்ணில் அவள் தேடியது கிடைக்கவில்லை. "ஒரு நாள் பூரா சுரண்டி எனக்குக் கிடைச்சது உங்க பையன்தான் அத்தை, சுமாரான சாம்பிள்" என்று கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மண்ணில் வளர்கிற பாசியைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சிப் படிப்பு, அதற்காக அவள் தேடியது கடைசியில் அவள் அப்பாவின் நிலத்திலேயே கிடைத்தது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் இருக்கிற நிலம். அறுப்பு முடிந்து தரை காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது வரப்போரத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்தாள். பார்த்தால் வெறும் மண். நனைத்து வைத்தால் சில நாளில் மேலே பச்சைப் பூச்சு படரும். அந்தப் பச்சையில் ஊசி முனையளவு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் அது தெரிந்தது. ஒரே ஒரு செல், நல்ல உருண்டை. வழவழப்பான சுவர். உள்ளே கிண்ணம் வைத்தது போல், பச்சை நிறத்தைத் தருகிற பசுங்கணிகம், அதன் அடியில் மாவுச்சத்து சூழ்ந்த ஒரு மணி. வயதாக ஆகச் சுவர் தடித்து ஒரு பக்கம் மட்டும் சின்னதாகக் குமிழ் மாதிரி புடைக்கும். அந்தக் குமிழின் வடிவம் எந்தப் புத்தகத்தில் இருக்கிற படத்தோடும் ஒத்துப்போகவில்லை. குளோரோகாக்கம் என்கிற வகையில் இதுவரை யாரும் எழுதாத இனமாக இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அவள் சோறு தின்னமாட்டாள், உனக்குத் தெரியும். பெயர் வைக்கிற அளவுக்கு ஆராய்ச்சி முடியவில்லை என்பதால் வீட்டில் அதற்குக் குண்டு என்று பெயர் வைத்தோம். "குண்டு இன்னிக்கு என்ன பண்றான்?" என்று கேட்டுக்கொண்டேதான் நீ வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவாய்.

உருவத்தை வைத்து அது யார் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் அவளுக்கிருந்த தலைவலி. மண்ணில் இந்த மாதிரி பச்சை உருண்டைகள் எத்தனையோ இனம் இருக்கின்றன. "அத்தை, இதுங்கெல்லாம் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான். பிள்ளை பெக்கும்போதுதான் யாருன்னு காட்டிக்கொடுக்கும்" என்பாள். புதுத் தண்ணீர் பட்டதும் உருண்டைக்குள் இருப்பது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகும். தாய் என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது, மொத்தமும் பிள்ளைகளாகிவிடும். விடிகிற நேரத்தில் சுவர் கிழிந்து எல்லாம் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே நீளத்தில் இரண்டு வால், ஓரத்தில் சிவப்பாக ஒரு கண்புள்ளி. வெளிச்சத்தைத் தேடிக் கொஞ்ச நேரம் நீந்திவிட்டு, வாலை விட்டுவிட்டு நின்றுவிடும். நின்றதும் சட்டென்று உருண்டையாகிவிட்டால் அது வேறு வகை. நீளமாக இருந்தது நீளமாகவே கொஞ்ச நேரம் கிடந்தால் அது சுவரோடு பிறந்த பிள்ளை, குளோரோகாக்கம். தண்ணீர் கிடைக்காமல் மண் காய்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வாலே முளைக்காது, தாயின் சுவருக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும்.

அந்த நிற்கிற கணத்தைப் பார்க்கத்தான் அவள் விடிகாலையில் எழுந்து என் பழைய மைக்ராஸ்கோப்பைக் கூடத்து மேஜையில் வைத்துக்கொண்டு தவம் கிடப்பாள். பால் வாங்க எழுந்திருக்கிற நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். முதல் தடவை அவை நீந்தியதைப் பார்த்தபோது அவள் என் கையைப் பிடித்து அமுக்கியதில் வளையல் நெளிந்துபோனது. எத்தனையோ வருஷம் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டியிருக்கிறேன், உயிரோடு நீந்திப் பார்த்தது அன்றைக்குத்தான். கல்யாணமாகி வருஷமாகிறதே என்று எதிர் வீட்டுக்காரம்மா வாசலில் வைத்து, "இன்னா மருமவளே, விசேசம் எதுனா உண்டா?" என்று கேட்டபோது, இவள் முகம் மாறாமல், "உண்டு ஆன்ட்டி, முப்பத்திரண்டு. எல்லாம் நீந்திக்கினு கீது" என்றாள். அந்தம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நாம் மூன்று பேரும் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து சாப்பிட முடியாமல் சிரித்தோம். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவள் போன நாளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். தலை வலிக்கிறது அத்தை, ஒரு காபி குடுங்க என்றாள். காபியோடு வந்தபோது தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நீ மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக எப்படி பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. நீ வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. அதன் பிறகு நீயும் இந்த ஊரில் இருக்க முடியாமல் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் நானும் உன் அப்பா படமும் அவள் படமும்தான்.

காரியம் முடிந்து சில நாளில் அவளோடு படித்த பெண் ஒரு கட்டைப்பையில் குடுவைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். மேகலாவின் வழிகாட்டி ஓய்வு பெற்றுப் போய்விட்டார், ஆய்வகத்தில் இதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தூக்கிப் போட மனசு வரவில்லை டீச்சர் என்றாள். குண்டு உயிரோடுதான் இருந்தது. நான் வாங்கி ஜன்னலில் வைத்தேன். இது மாதத்துக்கு ஒரு தடவை புதுக் குடுவைக்கு மாறியாக வேண்டும், இல்லையென்றால் பட்டினியில் ஆரஞ்சு நிறமாகிச் செத்துப்போகும். மாற்றுகிற வேலையைச் சமையலறையில் வைத்துக்கொண்டேன். உப்புகள் கலந்த தண்ணீரைக் குக்கரில் வைத்து வெயிட் போட்டுக் கிருமியைக் கொல்வேன். கேஸ் அடுப்பை எரியவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று, கம்பியைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, பழைய குடுவையிலிருந்து ஒரு துளியைப் புதியதற்கு மாற்றி, வாயைச் சுடரில் காட்டிப் பஞ்சால் அடைப்பேன். மின்விசிறி போடமாட்டேன், பேசமாட்டேன், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். இந்த வயசில் ஒரு துளிகூட வீணாக்காமல் செய்தேன் என்று எனக்குக் கர்வம் வேறு.

எங்கே தப்பு நடந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒரு நாள்தான் தென்படுகிறது. அவளுடைய முதல் வருஷத் திதி. நீ வந்துவிட்டு உடனே கிளம்பிவிட்டாய். படையலெல்லாம் எடுத்து வைத்த பிறகு, அன்றைக்குக் குடுவை மாற்ற வேண்டிய நாள் என்பது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மட்டும் சமையலறையில் நின்று செய்ய எனக்கு மனசு வரவில்லை, கண்ணா. அவள் கண் முன்னாலேயே செய்யலாம் என்று எல்லாவற்றையும் கூடத்துக்கு எடுத்துவந்தேன். அவள் படத்துக்கு முன்னால் ஏற்றிய குத்துவிளக்கின் சுடரில் கம்பியைக் காட்டினேன். கரி படிந்ததே தவிர கம்பி சிவக்கவில்லை. போதும் என்று நினைத்தேன், அவள் விளக்குதானே என்று நினைத்தேன். படையலைச் சுற்றித் தெளித்த சொம்புத் தண்ணீரின் ஈரம் கையில் இருந்தது. அந்தக் கையாலேயே எல்லாக் குடுவைகளையும் திறந்து மாற்றினேன். வழக்கம் போல் பழையதைக் கொட்டிக் கழுவிவிட்டேன். தாவரவியலில் பட்டம் வாங்கிய எந்த முட்டாளும் இதைச் செய்யமாட்டான். மருமகளைப் பறிகொடுத்த முட்டாள்தான் செய்வாள்.

அதற்குப் பிறகு குடுவைகள் முன்பைவிட வேகமாகப் பச்சையாயின. எப்போதாவது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் செல்கள் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தன. குமிழ் உள்ள பெரிய செல்கள் காணவில்லை. சின்னக் குஞ்சுகள் நிறைய இருக்கிறது போல, சத்து போதவில்லை போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உப்பைக் கொஞ்சம் கூட்டினேன். உனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து, "உன் பொண்டாட்டி பிள்ளைங்க எப்படிக் கொழுத்திருக்குன்னு பார்" என்று அனுப்பினேன். நீ அதைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டாய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் அப்பாவுக்கும் மாதம் தவறாமல் போன் போட்டு, நல்லா இருக்குண்ணா, பச்சையா இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நந்தினி கேட்டுவிட்டுப் போனதும் எனக்கு ஆசை பிறந்தது. நீங்கள் எடுத்துக்கொண்டு போகிற அன்று விடிகாலையில் அவை நீந்துவதை உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் காட்டிவிட வேண்டும் என்று. ஒத்திகை பார்ப்பதற்காகப் புதுத் தண்ணீரில் மாற்றி, இருட்டில் வைத்து, விடிகிறபோது எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நீந்தவில்லை. குளிராக இருக்கும் என்று மறுபடி செய்தேன். வேறு குடுவையில் செய்தேன். ஒரு நாள் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சுவர் கிழிந்தது. உள்ளேயிருந்து நாலு சின்ன உருண்டைகள் தாயின் அச்சாகவே வெளியே விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தன. வால் இல்லை, கண்புள்ளி இல்லை. குளோரெல்லா. மேல்தொட்டியில், பூந்தொட்டியில், பாட்டிலில் மறந்து வைத்த தண்ணீரில் எல்லாம் வளர்கிற பாசி. அதற்கு எந்தக் காலத்திலும் வால் கிடையாது, நீந்தத் தெரியாது. எல்லாக் குடுவையையும் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் அதுதான். எத்தனையோ மாதம் அதைத்தான் மேகலாவின் உயிர் என்று மூச்சடக்கி வளர்த்திருக்கிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவள் செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன். அன்றைக்காவது அழுவதற்குச் சுற்றிலும் ஆள் இருந்தது.

உனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நான் கொடுப்பதை நீ வாங்கிக்கொண்டு போயிருப்பாய். கோயம்புத்தூர் வீட்டு ஜன்னலில் அது என்னைவிட அதிக நாள் இருந்திருக்கும், லேசில் சாகிற ஜாதி இல்லை அது. நீ யாரும் இல்லாதபோது அதோடு பேசுவாய் என்பதும் எனக்குத் தெரியும். கொடுத்துத் தொலையேன் கிழவி, பிள்ளை மனசு நிம்மதியாக இருக்கட்டுமே என்று என்னையே நான் திட்டிக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். ஒரு தடவை ஈரத்தில் இரண்டு குடுவைகளின் சீட்டு உரிந்து விழுந்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? எது எது என்று மேகலாவுக்குக் கிட்டத்தட்டத் தெரியும். இருந்தும் இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிவிட்டாள். பல மாத உழைப்பு போச்சே, உனக்குப் பைத்தியமா என்று நீ கத்தினாய். "தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி வச்சுக்க எனக்கு வராதுங்க" என்று அழுதுகொண்டே கழுவினாள். அவள் பெயரை எழுதி இன்னொன்றின் மேல் ஒட்டி உன் கையில் கொடுக்க என்னால் முடியவில்லை.

முதலில் அவளைப் பெற்றவரிடம் சொல்ல வேண்டும் என்று ரயில் ஏறி மதுராந்தகம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வீட்டை ஒட்டிய களத்தில் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சரம்மா. இன்னா திடீர்னு? பையனுக்குக் கண்ணாலமாமே. பண்ணிக்கட்டும், சின்ன வயசு, எத்தினி நாளிக்கு ஒண்டியா கெடக்கும்?" என்றார். நான் உட்காராமல் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீங்க போன் பண்றப்பலாம் வூட்ல போயி சொல்லிக்கினு இருந்தேன், நம்ம பொண்ணு வெச்சது டீச்சரம்மா வூட்ல உயிரோட கீதுடின்னு. அதக் கேட்டுட்டுதான் அவ ரெண்டு வாய் சோறு துன்னுவா. இப்ப வந்து இல்லேன்றீங்க. சொல்லாம வுட்டிருக்கக் கூடாதா? எங்களுக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார். வீட்டுக்குள் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றுவிட்டது. அந்தம்மா வெளியே வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

அவள் மண் எடுத்த இடத்தைக் காட்டுங்கள், மறுபடி எடுத்து வளர்த்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். கோபத்தோடேயே மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கிழக்கு மூலையில் நின்று, "இங்கதான் குந்திகினு இருந்துச்சு, பேப்பர்ல மண்ண வாரிக்கினு" என்றார். கொஞ்ச தூரம் வந்த பிறகு திரும்பிப் பார்த்து, "இல்ல, அந்த மோட்டார் கொட்டா பக்கமா?" என்றார். மறுபடி வரப்போடு நடந்தார். "தெரிலியே டீச்சரம்மா. அன்னிக்கு அறுப்பு மிஷின்காரன் வந்துட்டான், அவங்கிட்ட பேசிக்கினு இருந்தேன். அப்பா, வந்து பாரேன்னு கூப்டுச்சு. இருடி வரேன்னேன். போவல" என்று சொல்லி மம்மட்டியை ஊன்றிக்கொண்டு அழுதார். நானும் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் இரண்டு இடத்திலிருந்தும் மண் எடுத்து இரண்டு பைகளில் கட்டிக் கொடுத்து, பஸ் வரும்வரை கூடவே நின்றார். ஏறும்போது, "மொளச்சா சொல்லுங்க. மொளைக்கலன்னா சொல்லாதீங்க" என்றார்.

ரயிலில் வரும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் ஏதாவது சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். நான் பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. அதை நந்தினிக்கு நீ செய்துவிடாதே. அவள் சிரிக்கும்போது மேகலாவின் சிரிப்பைத் தேடாதே, அவள் வைக்கிற ரசத்தில் மேகலாவின் ரசத்தைத் தேடாதே. அவள் வேறு பெண். அவளுக்கென்று கோபம் இருக்கும், கிறுக்கு இருக்கும், நீ அறியாத நல்ல குணமும் இருக்கும். பொறுமையாக உட்கார்ந்து அவளைப் பார். அழ வேண்டும் என்றால் அவளிடம் சொல்லிவிட்டு அழு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழாதே, அது என்னிடமிருந்து உனக்கு வந்த கெட்ட பழக்கம். நந்தினி, உனக்கும் ஒன்று சொல்கிறேன் அம்மா. நீ கேட்டதால்தான் இது வெளியே வந்தது என்று மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீ கேட்டது இந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றாத அன்பு. கொடுக்க முடியாமல் போனது என் கை செய்த தப்பு.

மண்ணை இரண்டு தட்டுகளில் பரப்பி, காய்ச்சி ஆறிய தண்ணீர் தெளித்து ஜன்னலில் வைத்தேன். பச்சை வந்தது. அதில் பல தினுசு இருந்தன, நூல் நூலாக, கோல் கோலாக, உருண்டை உருண்டையாக. ஊசியால் உருண்டைகளை மட்டும் பிரித்துப் பிரித்துப் புதுத் தண்ணீரில் போட்டேன். இந்தத் தடவை கேஸ் அடுப்பில்தான். நேற்று விடிகாலையில் ஒரு சுவர் கிழிந்து, உள்ளேயிருந்து வந்தவை நீந்தின. இரண்டு வால், ஓரத்தில் சிவப்புப் புள்ளி. ஒன்றின் பின்னாலேயே போனேன். வெளிச்சத்தின் பக்கம் போய் நின்றது. உருண்டையாகவில்லை, நீளமாகவே கிடந்தது. ஆனால் அந்த வகையில் எத்தனையோ இனம் அப்படித்தான் செய்யும், கண்ணா. பெரிய செல்களில் குமிழ் இருக்கிற மாதிரியும் தெரிகிறது, இல்லாத மாதிரியும் தெரிகிறது. என் கண்ணை நான் இனி நம்புவதாக இல்லை. அவள் வரைந்த படங்களை வைத்து ஒப்பிட்டேன், சில ஒத்துப்போகின்றன, சில போகவில்லை. மரபணுச் சோதனைக்கு அனுப்ப இருந்தவள் அனுப்பாமலே போய்விட்டாள். அவள் வழிகாட்டிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். போட்டோவை வைத்துச் சொல்ல முடியாதம்மா, அதை உயிரோடு பார்த்துப் பழகியது மேகலா ஒருத்திதான் என்று பதில் எழுதியிருக்கிறார்.

அவள் அப்பாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை. முளைத்தது என்று சொல்வதா, முளைக்கவில்லை என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து மைக்ராஸ்கோப் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன். இது குண்டுதான், இல்லை அத்தை இது வேற என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளை நான் எங்கே போய்க் கூப்பிட்டு வருவேன்?

உன் அம்மா